விடுதலைப் பத்திரம் பெற்றவன்: பிரிட்ஸ் லாங்கின் ஒரு திரைப்படம் பற்றிய நோக்கு

குற்றக்கும்பல்களைப் பற்றிய அமெரிக்கத் திரைப்படங்களை ஆராய்ந்தோர் பெரும்பாலும் அவற்றின் நாயகனது எழுச்சியையும் வீழ்ச்சியையுமே தமது கவனத்துக்குரியனவாகக் கொண்டுள்ளனர். 1931 இல் வெளிவந்த 'லிட்டில் சீசர்', 'த பப்ளிக் எனிமி' ஆகியனவும் 1932 இல் வெளிவந்த 'ஸ்கார்பேஸ்' என்பதும் அத்தகைய ஆய்வுகளுக்கு வாய்ப்பான தளத்தை வழங்கின. தெருவிலிருந்து புறப்பட்டு, மாளிகையை அடைந்து, மீண்டும் தெருவிலேயே வீழ்ந்து கிடக்கும் மனிதனின் கதை அது. றொபேட் வார்ஷோ 1948 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்நாயகனைத் துன்பியல் நாயகனாகக் கண்டார். வெற்றியை நாடியதே அவன் செய்த பிழை, அதற்காகவே அவன் தண்டிக்கப்படுகிறான் என்பது அவரது வாதத்தின் சாரம் எனலாம்.

ஆயின், இப்படவகையினுள்ளேயே வேறொரு கதையும் உண்டு. மேலே எழ விரும்பாத, எல்லோரையும் போல இருப்பதற்கு மட்டுமே விரும்புகின்ற ஒருவனின் கதை அது. அவன் மறியலிலிருந்து வெளிவந்தவன். ஒரு தொழில், ஒரு மனைவி, குடியிருக்க ஒரு வீடு என்பவற்றுக்கப்பால் எதையும் கேளாதவன். இவனைப் பற்றித் திறனாய்வாளர் வேண்டிய அளவு பேசியுள்ளனர் என்று கூற முடியாது. பேசியவிடத்தும் 'விதி' என்ற ஒரு சொல்லுடன் அமைதி கண்டுவிட்டனர். 1937 ஜனவரியில் வெளிவந்த பிரிட்ஸ் லாங்கின் 'யூ ஒன்லி லிவ் வன்ஸ்' ('வாழ்வது ஒருமுறையே' என இதனைத் தமிழிற் கூறலாம்) இவ்வாறு விதியின் கணக்கில் எழுதப்பட்டுவிட்ட படங்களுள் முதன்மையானது. இப்படத்தில் இயங்குவது விதியன்று என்பதையும், நம்பிக்கையீனம் என்னும் சமூக உறவு எவ்வாறு படிப்படியாக உற்பத்தி செய்யப்படுகிறது என்பதையே லாங் காட்டுகிறார் என்பதையும் எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

லாங், 1931 இல் 'எம்' என்ற படத்தை ஜேர்மனியில் எடுத்தவர். 1933 இல் நாற்சிகளின் ஆட்சி வந்ததும் அந்நாட்டை விட்டு வெளியேறியவர். அமெரிக்காவில் அவர் நெறிப்படுத்திய முதற்படமான 'பியூரி' (1936), குற்றமற்ற ஒருவனை உயிருடன் எரிக்க முயலும் ஊர்த்திரளைப் பற்றியது. இரண்டாவது படமே நாம் இங்கு எடுத்துக்கொண்டது. வோல்ரர் வாங்கர் தயாரித்த இப்படத்தின் திரைக்கதையை ஜீன் டவுண், கிரகாம் பேக்கர் ஆகிய இருவரும் எழுதினர்; ஒளிப்பதிவு லியோன் ஷம்றோய். எடி டெயிலராக ஹென்றி பொன்டாவும் அவன் மனைவி ஜோனாகச் சில்வியா சிட்னியும் நடித்தனர். 1934 மே மாதத்தில் லூசியானாவிற் பொலிசாராற் சுட்டுக் கொல்லப்பட்ட பொனி பாக்கர், கிளைட் பறோ இருவரின் கதை இதற்குத் தூண்டுதலாக இருந்தது என்பர். எனினும் தூண்டுதல் என்ற அளவுக்கு மேல் அத்தொடர்பை வலியுறுத்துவது பொருத்தமன்று. எடி டெயிலர் படத்தின் பெரும்பகுதியில் எந்தக் கொள்ளையிலும் ஈடுபடுவதில்லை.

கதையின் தொடக்கத்தில் எடி மூன்றாவது முறையாகச் சிறையிலிருந்து விடுதலையாகின்றான். இன்னுமொரு குற்றத் தீர்ப்பு வருமாயின் ஆயுள் முழுவதும் சிறையே என்பது அவனுக்குத் தெரியும். இது கதாசிரியரின் கற்பனையன்று. நான்காவது பாரிய குற்றத்துக்குக் கட்டாய ஆயுட்சிறையை விதிக்கும் சட்டம் நியூயோர்க் மாநிலத்தில் 1926 இல் நிறைவேற்றப்பட்டது. மாநில செனற் உறுப்பினர் ஒருவரின் பெயரால் அது போம்ஸ் சட்டம் எனப்பட்டது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளின் பின் 1994 இல் கலிபோர்ணியா மூன்றாவது குற்றத்துக்கே அத்தகைய தண்டனையை விதித்தது. அடுத்த நடவடிக்கை எதுவாயினும் முந்தியவை அனைத்தும் அதனுடன் சேர்த்து எண்ணப்படும் என்பதே இச்சட்டங்களின் உட்கிடை. விடுதலைப் பத்திரத்தில் 'தண்டனை முடிந்தது' என்று கூறும் அரசே, அது முடியவில்லை என்பதற்கான கணக்கேட்டையும் பேணுகின்றது.

அக்கணக்கேடு சட்டப் புத்தகத்தோடு நின்றுவிடுவதில்லை. எடியும் ஜோனும் மணமுடித்து முதலிரவைக் கழிக்கச் சென்ற விடுதியில், அதன் உரிமையாளனுக்குத் துப்பறியும் சஞ்சிகைகளை வாசிக்கும் பழக்கமுண்டு. எங்கோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று பழைய இதழ்களைக் கிளறுகின்றான். எடியின் புகைப்படம் அகப்படுகின்றது. தண்டனை பெற்றவர்கள் தமது விடுதியிற் தங்கலாகாது என்று கணவனும் மனைவியும் அந்த இரவே அவர்களை வெளியேற்றுகின்றனர். பணங் கொடுத்துத் தங்கிய அறை அது. அவர்கள் எவருக்கும் எத்தீங்கும் செய்யவில்லை. இக்காட்சியில் லாங் மிகையான இசையையோ கண்ணீரையோ நாடவில்லை என்பதோடு, விடுதிக்காரனை ஓரளவு நகைப்புக்குரியவனாகவே சித்திரித்துள்ளார். கொடுமை நகைப்புக்குரிய மனிதர் மூலம் வருவதே இப்படத்தின் தனித்துவமான அவதானிப்புக்களில் ஒன்று.

இவ்விடத்திலே தமிழ் வாசகருக்கு ஜீன் வல்ஜீன் நினைவுக்கு வருதல் இயல்பு. விக்ரர் ஹியூகோ 1862 இல் வெளியிட்ட நாவல் கவியோகி சுத்தானந்த பாரதியாரின் மொழிபெயர்ப்பு வழியாக 'ஏழை படும் பாடு' எனத் தமிழுக்கு வந்தது. அதே பெயரில் 1950 இல் திரைப்படமாகி நம்மிடையேயும் பலராற் பார்க்கப்பட்டது. வல்ஜீனையும் விடுதிகள் ஏற்க மறுக்கின்றன. அவன் கையில் மஞ்சட் கடவுச்சீட்டு உள்ளது. அதைக் காட்டியே ஆகவேண்டும். ஆனால் அச்சீட்டை ஒளித்துவிட்டுப் பெயரை மாற்றிக்கொண்ட பின் அவன் ஆலை முதலாளியாகின்றான், நகர முதல்வனுமாகின்றான். அவனை இனங்காணச் ஜாவேர் என்ற ஒரு மனிதனின் நினைவாற்றல் தேவைப்பட்டது. எடி டெயிலருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவனுடைய முகம் அச்சேறிவிட்டது. பத்துச் சதமோ பதினைந்து சதமோ கொடுத்தால் யாரும் அதை வாங்கலாம். ஜாவேரின் வேலையைச் சஞ்சிகை வாசகர் அனைவரும் பகிர்ந்துகொள்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மனமாற்றக் கதை இருபதாம் நூற்றாண்டிற் சாத்தியமற்றுப் போனமைக்கான பௌதிகக் காரணத்தை இவ்வளவு சுருக்கமாக உணர்த்திய படைப்பு வேறொன்று உண்டோ என்பது ஐயமே.

அடுத்து வருவது தொழில். எடிக்கு ஒரு லொறிக் கம்பனியிற் சாரதி வேலை கிடைக்கின்றது. ஜோன் ஒரு சிறு வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறாள். அதனைத் தவணைப் பணத்துக்கு வாங்கலாம் என்ற நிலை. அவளுடன் அவ்வீட்டைப் பார்ப்பதற்காக எடி வழியில் லொறியை நிறுத்துகின்றான். ஒரு மணித்தியாலத்துக்கு மேற் பிந்திவிடுகின்றது. முதலாளி அவனை வேலையிலிருந்து நீக்குகின்றான். எடி மன்றாடுகின்றான். முதலாளியோ அவ்வேளையில் வீட்டிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பில் மனைவியுடன் சீட்டாட்ட விருந்து பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கின்றான். ஒருவனின் உயிர் வாழ்வு பற்றிய வேண்டுகோளும் மற்றொருவனின் பொழுதுபோக்குப் பற்றிய உரையாடலும் ஒரே மேசையின் இருபுறங்களிலும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. எடி இறுதியில் அவனை அடிக்கின்றான். படம் முழுவதிலும் வர்க்க உறவு இவ்வளவு நேரடியாக வெளிப்படும் இடம் வேறில்லை. வேலையை இழந்தமைக்குக் காரணம் வீட்டைப் பார்க்கச் சென்றமையே என்பது மனங்கொள்ளத்தக்கது. நேர்வழியில் வாழ்வதற்கு அவசியமான இரு பொருள்கள், தொழிலும் வீடும், ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. வேறொருவன் பிந்தியிருந்தால் ஒருநாட் சம்பளத்தை இழந்திருப்பான். எடி பிந்தியபோது அவனுடைய கடந்தகாலம் முழுவதும் அந்த ஒரு மணித்தியாலத்தில் வந்து சேர்கின்றது.

இதன் பின் ஒரு வங்கிக் கொள்ளை நிகழ்கின்றது. கொட்டும் மழை, காரினுள்ளிருந்து வெளியே நோக்கும் இரு கண்கள், இருக்கையில் ஒரு தொப்பி, அதனுள்ளே எடியின் பெயரின் முதலெழுத்துக்கள். நச்சுவாயுக் குண்டுகள் வீசப்படுகின்றன. வாயுக் கவசம் அணிந்த ஒருவன் பணம் ஏற்றும் கவச வாகனத்தைக் கைப்பற்றிச் செல்கின்றான். ஆறு பேர் இறக்கின்றனர். அக்கவசத்துக்குப் பின்னாலுள்ள முகம் யாருடையது என்பதை லாங் நமக்குக் காட்டவேயில்லை. சற்று முன்னர்தான் எடி வேலை இழந்ததையும் பணத்துக்குத் தவித்ததையும் கண்ட பார்வையாளர், தொப்பியைக் கண்டதும் 'இவன்தான்' என்று தம்முள்ளே தீர்ப்பளித்துவிடுகின்றனர். தொப்பி களவு போனதென்று எடி கூறும்போது அதனை நம்புவதா என்ற தயக்கம் நமக்கும் எழுகின்றது. அதாவது, விடுதிக்காரனைப் பார்த்து நகைத்த நாமே இப்போது அவனது இடத்தில் நிறுத்தப்பட்டுள்ளோம். இப்படத்தின் உருவச் சிறப்பு என்று எதையேனும் கூறுவதாயின் இதையே கூறவேண்டும்; நம்பிக்கையீனத்தைப் பற்றிப் பேசுவதோடு அமையாது அதனை நம்மிடமே உண்டாக்கிக் காட்டுகிறது. (இதே கொள்ளைக் காட்சியின் படச்சுருள் 1945 இல் வெளிவந்த 'டிலிஞ்சர்' என்ற மலிவுத் தயாரிப்பில் வெட்டி ஒட்டப்பட்டது. அங்கே குற்றவாளி யார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அதே சட்டகங்கள் வெறும் பரபரப்பாகச் சுருங்கிவிட்டன.)

தப்பியோடவே எடி விரும்புகின்றான். நீதியில் நம்பிக்கை வைத்துச் சரணடையுமாறு அவனை வற்புறுத்துபவள் ஜோன். அவள் வறியவர்களுக்கு அரச செலவில் வாதாடும் சட்டத்தரணி விட்னியின் அலுவலகத்திற் பணிபுரிபவள். சட்டத்தின் நல்ல முகத்தை மட்டுமே அறிந்தவள். எடி அவள் சொற்கேட்டுச் சரணடைகின்றான். தீர்ப்பு வருவதை நீதிமன்றத்தில் வைத்துக் காட்டாமல் ஒரு பத்திரிகைக் காரியாலயத்தில் வைத்துக் காட்டுகின்றார் லாங். மூன்று முதற்பக்கங்கள் முன்கூட்டியே ஆயத்தமாக உள்ளன: ஒன்றில் விடுதலை, ஒன்றில் யூரர்களிடையே உடன்பாடின்மை, மற்றதிற் குற்றவாளி. தொலைபேசி ஒலிக்கின்றது, ஆசிரியர் செய்தியைக் கேட்டு மூன்றாவது பக்கத்தைச் சுட்டுகின்றார். புன்னகைக்கும் எடி, கடுகடுத்த எடி என ஒரே மனிதனின் வெவ்வேறு படங்கள் ஒவ்வொரு தலைப்புக்கும் ஏற்பத் தெரிவு செய்யப்பட்டுள்ளன. 'புகைப்படம் பொய் கூறாது' என்ற வழக்கமான நம்பிக்கையை இதைவிட எளிமையாகக் கேள்விக்குள்ளாக்க முடியாது.

மரண தண்டனைக்குரியவனாகச் சிறைக்கூட்டில் அடைக்கப்பட்ட எடி, மணிக்கட்டைக் கிழித்துக்கொண்டு மருத்துவப் பகுதிக்குச் செல்கின்றான். அங்கு ஒளித்து வைக்கப்பட்டிருந்த துப்பாக்கியைப் பெற்றுச் சிறை வைத்தியரைப் பணயமாகப் பிடிக்கின்றான். அதே இரவில் கொள்ளையிடப்பட்ட கவச வாகனம் நீருக்குள்ளிருந்து மீட்கப்படுகின்றது; உள்ளே உண்மைக் கொள்ளையனின் பிணம். எடிக்கு விடுதலை என்ற கட்டளை சிறைக்கு வந்து சேர்கின்றது. மூடுபனியும் தேடொளியும் சூழ்ந்த முற்றத்தில் அத்தியட்சகர் அதனை உரக்க அறிவிக்கின்றார். அது தந்திரம் என்கிறான் எடி. அவனைப் பெரிதும் நேசித்த சிறைக் குருவானவர் டோலன் அடிகள் கட்டளையை எடுத்துக்கொண்டு அவனை நோக்கி நடந்து வருகின்றார். எடி சுடுகின்றான். காயத்தை மறைத்துக்கொண்டு வாயிலைத் திறக்குமாறு பணித்துவிட்டு அடிகள் வீழ்கின்றார். எடி இதுவரை செய்யாத கொலையை, அவன் குற்றமற்றவன் என நிறுவப்பட்ட பின்னர் செய்கின்றான்.

விதிவாதம் பேசுவோர் இக்காட்சியையே தமக்கு ஆதாரமாகக் கொள்வர். தகவல் சில நிமிடங்கள் முந்தியிருந்தால், பனி மூடாதிருந்தால் என்றெல்லாம் தற்செயல்களை அடுக்குவர். ஆனால் காட்சியின் தர்க்கம் வேறு. படத்தில் இரண்டு பத்திரங்கள் உள்ளன; இரண்டுமே உண்மையானவை. முதலாவது விடுதலைப் பத்திரத்தைச் சமூகம் நம்பவில்லை. விடுதிக்காரன் நம்பவில்லை, லொறி முதலாளி நம்பவில்லை, யூரர்கள் நம்பவில்லை. இரண்டாவது பத்திரத்தை எடி நம்பவில்லை. முதலாவது அவநம்பிக்கை செலுத்திய கடனை இரண்டாவது திருப்பிச் செலுத்துகின்றது. அதனைச் சுமப்பவரோ அவனை நம்பிய ஒரேயொரு அதிகாரபூர்வ மனிதர். தகவல் சரியான நேரத்திலேயே வந்தது. அதனைக் கேட்கக்கூடிய காதை எடியிடமிருந்து முன்னரே பறித்துவிட்டார்கள். இங்கே பனியை விட லொறி அலுவலகத்தின் தொலைபேசி முக்கியமானது.

விடுதித் தோட்டத்துக் குளத்தருகே எடியும் ஜோனும் தவளைகளைப் பார்த்திருக்கும் காட்சியையும் இந்நோக்கில் வைத்தே பார்த்தல் வேண்டும். இணையில் ஒன்று இறந்தால் மற்றதும் இறந்துவிடும் என்கிறான் எடி. இது வரப்போகும் முடிவுக்கு முன்னறிவிப்பு என்று பலரும் எழுதிவிட்டனர். அதே உரையாடலில் அவன் கூறும் மற்றொரு செய்தியை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. சிறுவனாயிருந்தபோது தவளையின் கால்களைப் பிய்த்த ஒரு பையனை எடி அடித்தான்; அதற்காகவே முதன்முதலிற் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். அவனுடைய 'குற்ற வரலாறு' ஓர் இரக்கச் செயலிலிருந்து தொடங்குகின்றது; வரலாற்றை எழுதும் ஏட்டில் அதற்கு இடமில்லை.

தப்பிச் செல்லும் வழியில் நிகழும் மிகச் சிறு காட்சியொன்றையும் குறிப்பிடுதல் தகும். எடியும் ஜோனும் ஒரு நிலையத்திற் பெற்றோலை மட்டுமே பறித்துச் செல்கின்றனர். அவர்கள் போனதும் அங்கு வேலை செய்பவர்கள் கல்லாப் பணத்தைத் தாமே எடுத்துக்கொண்டு, கொள்ளையர் கொண்டுபோயினர் எனப் பொலிசுக்கு அறிவிக்கின்றனர். நாடெங்கும் நடக்கும் குற்றங்கள் இவ்விருவரின் பெயரில் எழுதப்படுகின்றன. நேர்மையானவர் எனப்படுவோர் குற்றவாளி ஒருவனைத் தேவையானவனாக வைத்திருக்கின்றனர் என்பதை ஒரு நிமிடத்திற் கூறிவிட்டு லாங் நகர்ந்துவிடுகின்றார்.

இனி, படத்தின் குறைபாட்டைப் பற்றியும் கூறல் வேண்டும். இப்படம் வெளிவந்த 1937 ஜனவரி இறுதியில், மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டர்ஸ் தொழிலாளர் தொழிற்சாலையினுள்ளே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தனர்; 1936 டிசம்பர் 30 இல் தொடங்கிய அப்போராட்டம் 1937 பெப்ரவரி 11 இல் வெற்றியுடன் முடிந்தது. எடி டெயிலர் வேலை செய்த லொறிக் கம்பனியில் முதலாளியைக் காண்கிறோம். சக சாரதி ஒருவனைக்கூட எடியின் பக்கம் நிற்பவனாகக் காண்பதில்லை. அவனுக்குத் துணை மூவர்: மனைவி, சட்டத்தரணி, குருவானவர். குடும்பமும் நீதியும் மதமும் உண்டு, தொழிலாளர் இல்லை. முதலாளியைக் கூர்ந்து பார்த்த கண், தொழிலாளரைப் பார்க்கத் தவறியமை தற்செயலானதன்று. ஹொலிவூட்டின் நல்லெண்ணம் எங்கு வந்து நின்றுவிடுகிறது என்பதை இது காட்டுகின்றது. மூன்று ஆண்டுகளின் பின், 1940 இல், அதே ஹென்றி பொன்டா 'த கிறேப்ஸ் ஒப் ராத்' படத்திலே மீண்டும் சிறையிலிருந்து வந்தவனாகத் தோன்றுகின்றார். ரொம் ஜோட்டும் லொறி ஒன்றில் ஏறியே வீடு திரும்புகிறான். சாரதி அவனை ஐயத்துடன் நோட்டமிடுகின்றான். ஆனால் ஜோட் இடம்பெயர்ந்த உழவர் திரளினுள் வந்து சேர்கின்றான். தனது பிரச்சினை தனக்கு மட்டும் உரியதன்று என்பதை அங்கே கற்கின்றான். எடிக்குக் கிடைக்காத பாடசாலை அது.

எனினும் பிற படங்களுடன் ஒப்பிடும்போது லாங்கின் கறார்த்தன்மை தெளிவாகும். 1939 இல் லொயிட் பேக்கன் நெறிப்படுத்திய 'இன்விசிபிள் ஸ்ரைப்ஸ்', சிங் சிங் சிறையின் அத்தியட்சகர் லூயிஸ் லோஸின் நூலைத் தழுவியது. 'கண்ணுக்குத் தெரியாத சிறைக்கோடுகள்' என்ற அதன் தலைப்பே நமது பொருளைச் சுட்டுகின்றது. ஜோர்ஜ் ராப்ட் நடித்த நாயகனுக்கும் டெயிலர் என்பதே குடும்பப் பெயர். அவனும் வேலை தேடி அலைகின்றான், அவமதிக்கப்படுகின்றான். ஆனால் தம்பி குற்றவழியில் இறங்கிவிடாமல் இருப்பதற்காக அண்ணன் மீண்டும் கும்பலிற் சேர்கிறான் என்று கதை திரும்பியதும் சமூகப் பிரச்சினை குடும்பத் தியாகமாக மாறிவிடுகின்றது. அண்ணன் மாள்கிறான், தம்பி பிழைக்கிறான், பார்வையாளர் ஆறுதலுடன் வீடு திரும்பலாம். 1932 இல் மேர்வின் லெறோய் எடுத்த 'ஐ ஆம் எ பியூஜிட்டிவ் புரொம் எ செயின் காங்' அத்தகைய ஆறுதலை மறுத்த படம். இனி எப்படி வாழ்வாய் என்ற கேள்விக்குத் திருடுகிறேன் என்று பதிலளித்து அதன் நாயகன் இருளினுள் மறைகின்றான். 1934 இன் பின் தணிக்கைக் கோவை இறுக்கமாக நடைமுறைப்படுத்தப்பட்ட நிலையில் அத்தகைய முடிவு இயலாததாயிற்று.

லாங்கின் முடிவு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பெயரிடப்படாத குழந்தையைத் தமக்கையிடம் ஒப்படைத்துவிட்டு ஜோன் திரும்பி வருகின்றாள்; எடிக்குச் சிகரெட் வாங்கச் சென்ற இடத்தில் இனங்காணப்படுகின்றாள். எல்லையை நெருங்கும்போது அவளைக் குண்டு தாக்குகின்றது. அவளைச் சுமந்து நடக்கும் எடியைப் பொலிஸ்காரனின் துப்பாக்கித் தொலைநோக்கியின் வட்டத்தினூடாக நாம் காண்கிறோம். படத்தில் அவனைப் பார்த்த கண்கள் பல, சஞ்சிகை வாசகனின் கண், பத்திரிகையாசிரியரின் கண், கொள்ளைக் காட்சியில் நமது கண், இறுதியாக இது. இவ்வளவில் முடிந்திருந்தால் படம் தன் தர்க்கத்துக்கு முழு நேர்மையுடன் இருந்திருக்கும். ஆனால் சாகும் தறுவாயில் டோலன் அடிகளின் குரல் கேட்கின்றது. வாயில் திறந்திருப்பதாகவும் அவன் விடுதலை பெற்றுவிட்டதாகவும் அது கூறுகின்றது. ஒளி பரவுகின்றது. இதனைக் கசப்பான அங்கதமாகக் கொள்வோரும் உளர். சிறை வாயிலில் அவன் நம்ப மறுத்த அதே வார்த்தைகளே இவை என்பதால் அவ்வாசிப்புக்கு இடமில்லாமலில்லை. எனக்கு அது உடன்பாடன்று. ஒளியும் இசையும் அங்கதத்துக்குரியனவாக அமைக்கப்படவில்லை. பூமியிற் கொடுக்க முடியாத வீட்டை வானத்தில் வழங்கிக் கணக்கை முடிக்கும் பழைய முறையே இங்கு தலைகாட்டுகின்றது.

தயாரிப்பாளர் வோல்ரர் வாங்கரைப் பற்றிய ஒரு செய்தியையும் இங்கு சேர்த்தல் வேண்டும். 1951 இல் அவர் தமது மனைவியான நடிகை ஜோன் பெனற்றின் முகவரைத் துப்பாக்கியாற் சுட்டுக் காயப்படுத்தினார். நான்கு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வெளியே வந்ததும், சிறையிற் கண்டவற்றின் உந்துதலால், 1954 இல் 'றயட் இன் செல் புளொக் இலெவன்' என்ற சிறைக் கலகப் படத்தைத் தயாரித்தார், நேர்மையான படம். 1958 இல் மரண தண்டனைக்குள்ளான பெண் ஒருத்தியைப் பற்றிய 'ஐ வோண்ட் டு லிவ்', 1963 இல் பெருஞ் செலவில் 'கிளியோபாத்ரா'. அவருக்கு வேலை கொடுக்க ஹொலிவூட்டில் ஆட்கள் இருந்தனர். சுடாத ஜோன் பெனற்றுக்கே அதன் பின் பட வாய்ப்புக்கள் அருகிப் போயின.